பள்ளத்தூரிலிருந்து நான்கு சனிக்கிழமைகள்: இதயச் செயலிழப்பு நோயாளியின் வீட்டாருக்கான ஒரு பயிற்சி வகுப்பு

காரைக்குடியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை, இதயச் செயலிழப்பு உள்ளவர்களையும் அவர்களோடு வீட்டில் இருப்பவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து நடத்தும் பயிற்சியைப் பற்றியது இந்த மதிப்புரை. நான்கு சனிக்கிழமைகள், ஒவ்வொரு வகுப்பும் ஒன்றரை மணி நேரம், அதன் பிறகு மூன்று மாதத்துக்குத் தொலைபேசித் தொடர்பு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 2,400 ரூபாய் வாங்குகிறார்கள். நோயாளியோடு இருவர் வரலாம். குறைகளையும் சொல்லப் போகிறேன். நாளைக்கும் அதே மருத்துவமனையின் படியேற வேண்டியவன் நான். ஆகவே பெயரைக் குறிப்பிடவில்லை.

அப்பச்சிக்கு வயது 74. எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவோம். காரைக்குடியில் நாற்பது வருடம் இரும்புக்கடை நடத்திவிட்டு, இப்போது பள்ளத்தூர் வீட்டில் ஆத்தாவோடு இருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு மாரடைப்பு வந்து தேறியவர். சென்ற தை மாதம் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, ஆறு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் உப்பைக் குறைக்கவும், நீரை அளந்து குடிக்கவும், தினமும் எடை பார்க்கவும் என்று எல்லாம் ஆங்கிலத்தில் தெளிவாகவே இருந்தது. அதைப் படித்தவன் நான். படித்து, மடித்து, ஃபைலில் வைத்தேன். சமைப்பவர் ஆத்தா. மாத்திரையை எடுத்துக் கொடுப்பவரும், இரவில் எழுந்து தலையணையை உயர்த்தி வைப்பவரும் ஆத்தாவே. அந்தத் தாளில் இருந்த ஒரு வரிகூட அவரிடம் போய்ச் சேரவில்லை என்பது, பத்தொன்பதாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அப்பச்சியை மறுபடியும் காரில் ஏற்றியபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாம் முறை வீட்டுக்கு அனுப்பும்போது இதய மருத்துவரே இந்த வகுப்புக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆத்தாவும் நானும் அப்பச்சியோடு சேர்ந்தோம்.

முதல் வகுப்பின் முதல் அரை மணி நேரம் முழுக்க ஒரு சொல்லுக்கே போனது, அது வீண் போகவில்லை. இதயச் செயலிழப்பு என்று கேட்டவுடன் இதயம் நின்றுவிடும் என்று நினைக்காதவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. வகுப்பை நடத்திய செவிலியர் கிணற்று மோட்டாரை உதாரணமாகச் சொன்னார். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டிய அளவுக்குத் தண்ணீரைத் தள்ள முடியவில்லை, தள்ளாத நீர் பின்னால் தேங்கிக் காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் கோத்துக்கொள்கிறது என்று விளக்கினார். அடுத்து 'பம்பிங்'. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்த ஒவ்வொரு வீட்டிலும் இப்போது இந்தச் சொல் புழங்குகிறது. அப்பச்சிக்குப் பம்பிங் 32 சதவீதம் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, மீதி 68 சதவீதம் செத்துப்போய்விட்டது என்றே ஆத்தா இரண்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தார். நல்ல இதயமும் ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம் வரைதான் வெளியே தள்ளும், நூறு என்பது யாருக்குமே கிடையாது என்று தெரிந்தபோது அவர் விட்ட பெருமூச்சை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். 40-க்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்றைக்கு நல்ல மருந்துகள் உண்டு என்பதையும், பம்பிங் சரியாக இருந்தும் இதே நோய் வரலாம் என்பதையும் அதற்குப் பிறகே சொன்னார்கள். அந்த வரிசை முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

ஒன்பது குடும்பங்கள் வந்திருந்தன. தேவகோட்டை, கோட்டையூர், புதுவயல், குன்றக்குடி என்று சுற்று வட்டாரம் முழுவதும் இருந்தது. நோயாளிகள் எல்லாரும் கிழவர்கள் என்றும் சொல்ல முடியாது. ஐம்பதைத் தொடாத லாரி ஓட்டுநர் ஒருவரும் இருந்தார். 2013-ல் திருவனந்தபுரம் மாவட்டத்து மருத்துவமனைகளில் 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பதிவு செய்து தொடர்ந்தபோது அவர்களுடைய சராசரி வயது 61 என்று தெரியவந்தது. நம் பக்கத்து நிலைமையும் பெரிதும் மாறி இருக்காது என்று அந்த அறையைப் பார்த்தபோது தோன்றியது.

ஒவ்வொரு குடும்பத்தையும் செவிலியர் மூன்று கேள்வி கேட்டார். வீட்டில் சமைப்பது யார், மாத்திரை வாங்கி வருவது யார், ராத்திரி முழிப்பது யார்? 'பராமரிப்பாளர்' என்று படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது. பாதிக் குடும்பங்களில் இந்த மூன்று கேள்விக்கும் மூன்று பெயர்கள் வந்தன. புதுவயல் குடும்பத்தில் படிவத்தில் கையெழுத்திட்டவர் மகன், மூன்றையும் செய்பவர் மருமகள், வகுப்புக்கு வந்திருந்தவர் மகன் மட்டும். அடுத்த வாரம் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நீங்கள் வேண்டுமானால் வெளியே உட்கார்ந்து டீ குடியுங்கள் என்று செவிலியர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். இந்தச் சேவைக்கு நான் கொடுத்த பணம் அந்த மூன்று கேள்விக்கே ஈடாகிவிட்டது என்பது என் கணிப்பு.

இரண்டாம் சனிக்கிழமை, வீட்டில் இருக்கும் அத்தனை மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். ஆத்தா மஞ்சள் பையைக் கவிழ்த்தபோது மேசையில் பதினான்கு அட்டைகள் விழுந்தன. அவற்றில் இரண்டு, வேறு வேறு கம்பெனிப் பெயரில் உள்ள ஒரே மருந்து. ஒன்று மருத்துவமனையில் கொடுத்தது, மற்றது எங்கள் ஊர் மருந்துக்கடையில் அந்தக் கம்பெனி மாத்திரை இல்லை என்று மாற்றிக் கொடுத்தது. வெள்ளை, மஞ்சள், நீளம், உருண்டை என்று நிறத்தையும் வடிவத்தையும் வைத்தே மாத்திரையை அடையாளம் காணும் ஆத்தாவுக்கு இரண்டும் ஒன்று என்று தெரிய வழியே இல்லை. பழைய அட்டை தீரட்டும் என்று புதியதைத் தனியே வைத்திருந்ததால் தப்பித்தோம். இன்னொரு அட்டை, ஆத்தாவின் முழங்கால் வலிக்காகக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. அதை எடுத்துத் தனியே வைத்த செவிலியர், "ஐயா, இதை நீங்களும் போடுறீங்களா?" என்று கேட்டார். அப்பச்சி மேற்கூரையைப் பார்த்தார். இடுப்பு வலிக்கும்போது பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடவே கூடாது என்று செவிலியர் விளக்கினார். இரண்டாம் முறை அனுமதிக்கப்பட்டதற்கு அதுதான் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கணவனும் மனைவியும் ஒரே வலி மாத்திரையைப் பகிர்ந்துகொள்வது எந்தப் பரிசோதனைச் சீட்டிலும் வராது, மஞ்சள் பையைக் கவிழ்த்தால்தான் வரும்.

எடை பார்க்கும் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, எதுவும் சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடுப்போடு, ஒரே எந்திரத்தில் நிற்க வேண்டும். மூன்று நாளுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, நீர். உடனே கூப்பிட வேண்டும். எந்திரத்தைச் சமதளத்தில் வைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. எங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் தளம் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் நூறு வருடத்தில் அங்கங்கே அமிழ்ந்திருக்கிறது, பட்டாலை என்கிற கூடத்தில் 61.2 காட்டிய எந்திரம், முற்றத்தைச் சுற்றிய வளவில் 60.5 காட்டியது. அந்தச் சந்தேகத்தைத் தொலைபேசியில் கேட்டதற்கு, ஓர் இடத்தைப் பிடித்து எந்திரத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், எண் சரியா தப்பா என்பதைவிட நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசமே முக்கியம் என்றார்கள். ஆத்தா கோலமாவால் நான்கு மூலை போட்டார். தினமும் வாசலில் கோலம் போட்டு முடித்த கையோடு இந்த நான்கு மூலையையும் புதுப்பிக்கிறார்.

மூன்றாம் வகுப்பு, உடம்பு சொல்லும் அறிகுறிகளைப் படிப்பது பற்றி. கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்தி, எடுத்த பிறகு குழி நிற்கிறதா என்று பார்ப்பது, எத்தனை தலையணை தேவைப்படுகிறது என்று எண்ணுவது, படுத்தால் வரும் இருமலைச் சளி என்று தள்ளிவிடாமல் இருப்பது, காரணமில்லாமல் பசி மந்தமாவதையும் வயிறு பொருமுவதையும் கணக்கில் எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூச்சு வாங்காமல் எத்தனை அடி நடக்க முடிகிறது என்று செவிலியர் கேட்டபோது அப்பச்சி, "நல்லாத்தான் நடக்குறேன்" என்றார். ஆத்தா விடவில்லை. "கார்த்திகை மாசம் வரைக்கும் முகப்புலேர்ந்து அடுப்படிக்கு நிக்காம வந்துருவாக. பொங்கலுக்கு இரண்டாங்கட்டுத் தூணைப் பிடிச்சு நின்னாக. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம் வளவு தாண்டவே இல்லை, காப்பியை அங்கேயே கொண்டாரச் சொன்னாக" என்றார். எங்கள் பக்கத்து வீடுகள் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டுக் கட்டாக நீண்டு, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. நடை குறைந்துகொண்டே வந்ததை ஆத்தா கட்டுக் கட்டாக அளந்து வைத்திருந்திருக்கிறார், அது நோயின் அளவு என்று தெரியாமலே. செவிலியர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அறிகுறி தெரிகிறவர் ஒருவர், அது எதைக் குறிக்கிறது என்று தெரிந்தவர் இன்னொருவர். இந்த இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பதே இப்படிப்பட்ட வகுப்பின் வேலை.

சாப்பாட்டு வகுப்பில்தான் எனக்கு முதல் ஏமாற்றம். அச்சடித்துக் கொடுத்த தாளில் தவிர்க்க வேண்டியவை என்று ரொட்டி, சீஸ், டின்னில் அடைத்த சூப், பதப்படுத்திய இறைச்சி எல்லாம் இருந்தன. எங்கிருந்தோ எடுத்து மொழிபெயர்த்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. "சிஸ்டர், எங்க வீட்டுல சீஸை யாரு திங்கிறா? உப்புக்கண்டத்தை இதுல எங்கே போட்டிருக்கீக?" என்று ஆத்தா கேட்டதும் அறை முழுக்கச் சிரிப்பு. செவிலியர் கோபித்துக்கொள்ளவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நீங்களே சொல்லுங்கள் என்று எழுத உட்கார்ந்தார். உப்புக்கண்டம், கருவாடு, மோர்மிளகாய், சுண்டைவற்றல், வடகம், அப்பளம், மாங்காய் ஊறுகாய், டப்பா நிறைய இருக்கும் தேன்குழல், முறுக்கு என்று பெண்கள் அடுக்க அடுக்க இருபத்தைந்து வரி வந்தது. மருத்துவமனை நிர்வாகம் அடுத்த முறை அந்தப் பின்பக்கத்தை அச்சடித்தால் போதும், முன்பக்கம் தேவையில்லை.

அன்றைக்குச் சொன்ன இரண்டு செய்திகள் எங்கள் தெருவுக்கே புதியவை. இந்துப்பு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று நினைக்கிறோம்; அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே உடம்பில் பொட்டாசியம் கூட வாய்ப்பிருக்கிறது, அதோடு இந்த உப்பும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். நல்லது என்று நினைத்து நான் சென்னையிலிருந்து வாங்கி வந்த இரண்டு பாக்கெட் அப்படித்தான் திரும்பிப் போயின.

வீட்டுக்கு வந்து ஆத்தா போட்ட கணக்கு வகுப்பில் சொல்லிக் கொடுக்காதது. எங்கள் மூன்று பேருக்கு ஒரு கிலோ உப்பு 24 நாள் வருகிறது. அப்படியென்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 கிராம். கழுவுவதிலும் வடிப்பதிலும் கொஞ்சம் போகும் என்று தள்ளினாலும், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 கிராமுக்கு எட்டாத தூரத்தில் இருந்தோம். இப்போது காலையில் தலை தட்டிய இரண்டு தேக்கரண்டி உப்பை ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு வைக்கிறார். மூவருக்கும் அன்றைய சமையல் முழுவதும் அதற்குள் முடிய வேண்டும். வெண்டைக்காய் மண்டிக்குப் புளியைக் கொஞ்சம் கூட்டினால் உப்புக் குறைவு தெரியவில்லை. கோசமல்லி மட்டும் இன்னும் வாய்க்கு ஒட்டவில்லை என்பது என் சொந்தக் கருத்து, அதில் ஆத்தாவுக்கு உடன்பாடில்லை.

இவ்வளவும் முதல் இரண்டு வாரத்தில் எங்களை நல்ல வழிக்குக் கொண்டுபோயிற்று என்று எழுதினால் பொய்யாகிவிடும். வகுப்பில் கற்றதை எல்லாம் அப்பச்சியின் மேல் ஏவத் தொடங்கினோம். தட்டில் அப்பளம் விழுந்தால் நான் எடுத்தேன், தண்ணீர்ச் செம்பை ஆத்தா மறைத்தார், சிங்கப்பூரில் இருக்கும் தங்கை ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிட்டு என்ன சாப்பிட்டார் என்று விசாரித்தாள். "முன்னே நான் கணக்கப்பிள்ளை வச்சிருந்தேன். இப்ப எனக்கே மூணு கணக்கப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு அப்பச்சி பேச்சைக் குறைத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் பெட்டகத்துப் பக்கம் தேன்குழல் டப்பா ஒன்று அகப்பட்டது. நான் அதை வகுப்பில் புகாராகவே சொன்னேன்.

செவிலியர் என் புகாரைக் கண்டுகொள்ளாமல் அப்பச்சியிடம் திரும்பி, இந்த நோயில் உங்களுக்கு எது ரொம்பச் சங்கடமாக இருக்கிறது என்று கேட்டார். மூச்சு என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். "வீட்டுல எனக்கு ஒரு வேலையும் இல்லை" என்றார் அப்பச்சி. அதுவரை எடை எழுதும் நோட்டு ஆத்தாவின் கையில் இருந்தது. அன்றிலிருந்து அது அப்பச்சியின் கைக்கு மாறியது. எடை, ரத்த அழுத்தம், குடித்த நீர், நடந்த கட்டு எல்லாவற்றையும் அவரே எழுதுவது, கால் வீக்கமும் தூக்கமும் ஆத்தா பார்த்துச் சொல்வது, மருந்து வாங்குவதும் மருத்துவமனையோடு பேசுவதும் என்னுடையது, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நோட்டைப் பார்ப்பது தங்கையினுடையது என்று வேலை பிரித்தோம். கடைக்காரர் கை அல்லவா, இரண்டாம் நாளே நோட்டில் பேரேடு மாதிரிக் கோடு போட்டுப் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று நீர்க் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டார். தேன்குழலையும் ஒளிக்கவில்லை, வாரத்துக்கு இரண்டு என்று அவரே வைத்துக்கொண்ட கணக்கு நோட்டில் இருக்கிறது.

சொல்லித் தருவதைவிடக் கேட்டு வாங்கும் இந்த முறைக்குத் துறையில் ஊக்கமூட்டும் உரையாடல் என்று பெயர். இத்தாலியில் 510 நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் இணை இணையாகச் சேர்த்து இதைச் செய்து பார்த்து, நோயாளிகளின் சுயபராமரிப்பு மூன்று மாதத்தில் மேம்பட்டது என்று 2020-ல் வெளியிட்டிருக்கிறார்கள். இதயச் செயலிழப்பில் சுயபராமரிப்பு என்பதையே மூன்றாகப் பிரிப்பார்கள்: மருந்தும் உணவும் தவறாமல் பார்த்துக்கொள்வது, உடம்பின் மாற்றத்தைக் கவனிப்பது, மாற்றம் வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுப்பது. வீட்டார் முதலாவதைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவதுதான் வழக்கம், நாங்கள் செய்ததும் அதுவே.

நீர் அளவு விஷயத்தில் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. ஒன்பது குடும்பத்துக்கும் ஒரே அளவாக ஒன்றரை லிட்டர் என்று எழுதிப் போட்டார்கள். ரசம், மோர், நீராகாரம், காப்பி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும் என்று சொன்னது சரி; காலையில் ஒன்றரை லிட்டரை ஒரு பாட்டிலில் ஊற்றிவைத்து, எது குடித்தாலும் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடும் உபாயமும் நன்றாக வேலை செய்தது. ஆனால் நிலையாக இருக்கும் நோயாளிகள் எல்லாரும் இவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டுமா என்ற கேள்வி இப்போது மருத்துவர்களிடமே இருக்கிறது. நெதர்லாந்தில் 504 பேரிடம் நடத்தி 2025-ல் வெளியான ஆய்வில், ஒன்றரை லிட்டரோடு நிறுத்தியவர்களுக்கும் தாகத்துக்கு ஏற்பக் குடித்தவர்களுக்கும் உடல்நலத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை, நிறுத்தியவர்களுக்குத் தாகம் மட்டும் கூடுதல். கத்திரி வெயிலில் செட்டிநாட்டு வெக்கையில் நாக்கு வறண்டு கிடந்த அப்பச்சியைப் பார்த்துவிட்டு நான் இதய மருத்துவரிடம் நேரில் கேட்டேன். அவர் இரண்டு லிட்டர் வரை போகலாம் என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். வகுப்பில் மட்டும் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது. இந்த அளவை யாரும் தாங்களாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான்காம் சனிக்கிழமை நோயாளிகளை அடுத்த அறையில் உடற்பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, வீட்டாரை மட்டும் உட்காரவைத்தார்கள். கேள்வி ஒன்றுதான்: நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? கோட்டையூரிலிருந்து வந்திருந்த ஓர் ஆச்சி அழுதுவிட்டார். ஆத்தா அழவில்லை, தை மாதத்திலிருந்து அப்பச்சியின் மூச்சுச் சத்தம் கேட்கிற பக்கமாகவே ஒருக்களித்துப் படுப்பதாகவும், மறுபக்கம் திரும்பியதே இல்லை என்றும் மிகச் சாதாரணமாகச் சொன்னார். அன்று எல்லாருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஆத்தாவுக்கு 168-க்கு 96. மறுநாளும் அதற்கடுத்த வாரமும் பார்த்தபோதும் இறங்கவில்லை. அப்பச்சிக்காகக் கட்டிய பணத்தில் ஆத்தாவின் ரத்தக் கொதிப்பு வெளியே வந்தது. இப்போது ஊர்ச் சுகாதார ஊழியர், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவருக்கு மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார். வாரத்தில் இரண்டு இரவு நான் வளவில் படுக்கிறேன், ஆத்தா இரண்டாங்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்.

இனி, இந்தச் சேவையில் நான் மன்னிக்கத் தயங்கும் குறை. பங்குனியில் கோட்டையூரில் உறவினர் ஒருவருக்குச் சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். மூன்று நாளும் அங்கேதான் சாப்பாடு. வெள்ளிக்கிழமை காலை 61.0, சனிக்கிழமை 61.9, ஞாயிற்றுக்கிழமை 63.3 என்று அப்பச்சியே நோட்டில் எழுதி, கடைசி எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டமும் போட்டார். அதற்கு முன்பே, வேட்டி கட்டும்போது அரைஞாண் கயிறு இடுப்பில் பதிந்து தடம் விட்டிருப்பதை ஆத்தா பார்த்திருந்தார். கற்றுக்கொடுத்தபடியே எல்லாம் நடந்தது. மருத்துவமனை கொடுத்த எண்ணுக்கு நான் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டதைத் தவிர. ஏழு, எட்டேகால், பத்து என்று மூன்று முறை மணி அடித்து ஓய்ந்தது. திரும்பக் கூப்பிட்டது திங்கட்கிழமை காலை 9.40-க்கு.

எங்களைக் காப்பாற்றியது அதே மருத்துவமனையின் இன்னொரு ஏற்பாடு என்பதையும் சொல்லியாக வேண்டும். நோட்டின் பின்னட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம் உண்டு. மஞ்சளில், எடை இவ்வளவு ஏறி, மூச்சு சீராக இருந்தால், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையை இத்தனை நாளுக்கு இவ்வளவு கூட்டலாம் என்று இதய மருத்துவர் அப்பச்சிக்கென்று தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். சிவப்பில், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108 என்று இருந்தது. நாங்கள் மஞ்சளில் இருந்தோம். எழுதியபடி கூடுதல் மாத்திரை கொடுத்தோம், சாந்தி வீட்டுச் சாப்பாட்டை நிறுத்தினோம், ஆத்தா மணிக்கொரு தரம் படுக்கவைத்து மூச்சைப் பார்த்தார். திங்கட்கிழமை காலை 62.1. திரும்பக் கூப்பிட்டவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள், சிறுநீரகமும் பொட்டாசியமும் சரியாக இருந்தன. மருத்துவர் எழுதிக் கொடுக்காதவர்கள் இதைப் பார்த்து நீர் மாத்திரையைக் கூட்டக் கூடாது. என் வருத்தம் வேறு: எதைக் கண்டால் கூப்பிட வேண்டும் என்று ஒரு குடும்பத்துக்கு நான்கு வாரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கூப்பிடும்போது எடுக்க ஆள் வைக்காதது என்ன ஏற்பாடு? நீர் கோப்பதற்கு ஞாயிறு விடுமுறை தெரியாது.

சில்லறைக் குறைகள் சிலவும் உண்டு. வகுப்பு முதல் மாடியில் நடக்கிறது. நான்கில் இரண்டு சனிக்கிழமை லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்குகிறவர்களுக்கான வகுப்பை மாடியில் வைத்தவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை. பேச்சு எல்லாம் நல்ல தமிழில் இருந்தாலும் படிவங்களும் வீட்டுக்கு அனுப்பும் தாளும் இன்னும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் வீடியோக்கள் ஆத்தாவின் பட்டன் போனுக்கு வராது.

வீட்டில் சமைப்பவரையும் இரவில் விழிப்பவரையும் நேரில் கூட்டிக்கொண்டு போக முடிந்தால், இந்த வகுப்புக்குப் போகலாம் என்று தயங்காமல் சொல்வேன். பிள்ளைகள் மட்டும் போய்க் குறிப்பெடுத்துக்கொண்டு வந்து பெற்றோருக்குச் சொல்லலாம் என்று நினைப்பவர்களுக்கு இது பாதிப் பயன்தான் தரும். நோயாளி வர மறுத்தாலும் வீட்டார் மட்டும் போவதைவிட, முதல் வகுப்புக்காவது அவரை எப்படியாவது அழைத்துப் போவது நல்லது. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இதில் ஒரு வழியும் சொல்லவில்லை. பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், பூட்டிய கட்டுகளுக்கு நடுவே ஒருவரே இருக்கும் வீடுகள் எங்கள் ஊர்களில் எத்தனை என்று அந்த மருத்துவமனைக்குத் தெரியாமல் இருக்காது.

எங்களுக்கு மூன்று மாதம் இந்த வைகாசியோடு முடிகிறது. தை மாதம் தொடங்கி இரண்டு முறை படுத்தவர், அதற்குப் பிறகு மருத்துவமனையில் படுக்கவில்லை. தொடர்பை இன்னும் மூன்று மாதம் நீட்டிக்க 900 ரூபாய் என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை யார் எடுப்பார்கள் என்று பதில் கேட்டு எழுதியிருக்கிறேன். எழுத்தில் பதில் வந்த பிறகு பணம் கட்டலாம் என்பது ஆத்தாவின் உத்தரவு. அப்பச்சி பேரேட்டில் 900-ஐப் பற்றுப் பக்கத்தில் பென்சிலால் மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.